கண் போதாத பாலம்

பணி ஆணையில் நான் டிராக்மேன்.
செங்கொடி என்று பெயர் இருந்தும்
அந்தச் சொல்லை யாரும் திருத்தவில்லை.
மாவூருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் என் பொறுப்பு:
சுத்தியல், ஸ்பேனர், சிவப்பு ஒன்று பச்சை ஒன்று,
மழைக்காலத்தில் கூடுதலாக ஒரு டார்ச்,
பையில் எச்சரிக்கை வெடி.

சித்திரையில் தண்டவாளத்துக்குக் காய்ச்சல் பார்ப்பேன்.
பகல் இரண்டு மணிக்கு இரும்பு அறுபத்தொன்று காட்டியது.
போன வருடம் ஐம்பத்தெட்டு.
நீள இடமில்லாத இரும்பு
பக்கவாட்டில் நெளியப் பார்க்கும்.
ஜல்லியை அணைத்துக் கொடுத்து
"இரும்மா, இரு" என்பேன்.
கூட வரும் ராயப்பன் சிரிப்பான்,
அவனும் அதையே முணுமுணுப்பான்.

ஐப்பசி பிறந்தால் வேறு வேலை.
இருபத்தேழாம் எண் பாலத்தில்
தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று எழுத வேண்டும்.
பாலம் என்பது மரியாதைக்கு.
ஒரே ஒரு கண். மீட்டர்கேஜ் காலத்துச் செங்கல்.
அகலப்பாதை வந்தபோது
மேட்டை உயர்த்தினார்கள், ஜல்லியைக் கொட்டினார்கள்,
கண்ணை அப்படியே விட்டார்கள்.

பிறகு மேலே கம்பி வந்தது. டீசல் போனது.
கேட் ஓரம் டீ போடும் மெஹ்ருன்னிசா
இப்போதெல்லாம் பாலை மூடி வைப்பதில்லை.
புகையில்லா வண்டி பூமிக்கு நல்லது என்று
ஸ்டேஷனில் ஒரு பலகை.
நல்லதுதான். டிக்கெட்டும் பத்து ரூபாய்.
திருவாரூருக்கு டயாலிசிஸ் போகிறவர்கள்
அதிகாலை வண்டியை நம்பித்தான்
அலாரம் வைக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கார்த்திகை இரவு
மேற்கே சம்பாவின் நுனிகூடத் தெரியவில்லை.
கிழக்கே கணுக்காலளவு.
நடுவே நான் காக்கும் மேடு.
மண்வெட்டியோடு பதினாறு பேர்.
"வெட்டி விட்டுடுறோம் தாயி,
நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."
பேசியவர் காத்தமுத்து.
அவர் கேட்டதில் தப்பில்லை.
அந்தத் தண்ணீருக்குள்
எனக்கும் மூன்று மா கிடந்தது.

திரும்பி நிற்கவில்லை.
வெட்டவும் விடவில்லை.
ஜல்லிக்கு அடியில் மண் கரையும் சத்தம்
பல் கடிப்பதுபோலக் கேட்டது.
கன்ட்ரோலுக்குப் போன் போட்டேன்.
"எவ்வளவு?"
"கோட்டுக்கு மேலே ஒரு சாண்."
"மீட்டரில் சொல்லும்மா."

நாலு ஐம்பது வண்டி ஆலத்தம்பாடியிலேயே நின்றது.
அதில் வந்த ஜெபமணி டீச்சர்
ஊசி குத்திய கையைத் தூக்கிப் பிடித்தபடி
முழங்கால் தண்ணீரில் இறங்கி
ஷேர் ஆட்டோவுக்கு நடந்தாராம்.
அதை எழுத என் ரோந்துப் புத்தகத்தில் இடமில்லை.
வயலுக்கும் இல்லை.
பாலத்துக்கு மட்டும் ஒரு கட்டம்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஸ்பேனர் விளிம்பால் கோடு கிழித்தேன்:
மேற்கு. கிழக்கு.
மணிக்கு ஒருமுறை
காத்தமுத்துவே குச்சியை இறக்கி அளவு சொன்னார்.
மேற்கே ஒன்று தொண்ணூறு. கிழக்கே பூஜ்யம் நாற்பது.
விடிவதற்குள் ஒன்பது வரிசை,
அடியில் பதினாறு கையெழுத்து,
நான்கு கைநாட்டு அதில் சேர்த்தி.

பயிர் அழுகியது. அதை மறைத்து என்ன.
நிவாரணம் பாதி வந்தது.
ஆனால் அந்த ஈரத்தாளை
எவரோ ஒரு இன்ஜினியர் படித்திருக்கிறார்.
இரண்டு கோடை கழித்து
ஒன்பது மணி நேரம் வண்டியை நிறுத்தி
கிரேனில் கான்கிரீட் பெட்டிகளை இறக்கினார்கள்.
மூன்று கண்.

இந்த மழைக்குத் தண்ணீர்
கேட்காமல் குனியாமல் போனது.
முப்பது கிலோமீட்டர் வேகத்தில்
சத்தமில்லாமல் வண்டியும் போனது.
ஜன்னலில் டீச்சர் தெரிந்த மாதிரி இருந்தது,
பச்சையைக் கொஞ்சம் அதிக நேரம் காட்டினேன்.

மறுநாள் கிழக்கூர்க்காரர்கள் வந்தார்கள்.
"எங்க வடிவாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை,
அதுக்கப்புறம் இறால் பண்ணைக் கரை.
மூணு கண்ணுத் தண்ணி
எங்க போய்ச் சேரும்னு நெனச்சே?"

நினைக்கவில்லை.
உண்மையைச் சொன்னேன்.
புத்தகத்தைத் திறந்து
இன்னொரு கோடு கிழித்தேன்.
"குச்சி கொண்டு வந்திருக்கீங்களா?"