இரண்டு யூனிட்

டானிங்டன் வளைவுக்குக் கீழே
எங்கள் வாசல் இருபத்திரண்டு அடி நீளம்,
பதினாலு அடி அகலம்.
பேவர் கல்லுக்கு அடியில்
இரண்டு அங்குலம் மணல் போதும் என்றார் கல் விற்றவர்.
பெருக்கி, பன்னிரண்டால் வகுத்தேன்.
ஐம்பத்தொரு கன அடி. அரை யூனிட்.
கரண்ட் பில்லின் முதுகில்
விடையைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

கொத்தனார் புஷ்பராஜ் அந்த வட்டத்தைப் பார்க்கவில்லை.
டியூபில் தண்ணீர் நிரப்பி
ஒரு முனையை என்னிடம் தந்தார்.
"படிப்பக்கம் நில்லுங்க. கை அசையக் கூடாது."
தண்ணீர் ஏறி, இறங்கி,
கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.
பதினோரு வருஷமாக
சமம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்த தரை
ரோட்டோரம் ஏழு அங்குலம் தாழ்ந்திருந்தது.

"மேல ரெண்டு, கீழ ஒம்பது.
சராசரி அஞ்சரைன்னு வெச்சுக்குங்க."
நூற்று நாற்பத்தொன்று.
இடித்தால் அமுங்கும், அதற்குக் கொஞ்சம்.
ஓரம் சரிந்து தேயிலைக்குள் ஓடும், அதற்குக் கொஞ்சம்.
"பூனைக்கு?" என்றாள் சின்னவள்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

மேட்டுப்பாளையத்தில் விடிகாலை கிளம்பிய லாரி
குஞ்சப்பனையில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டி
ஒன்பதரைக்கு வந்தது, பனியோடு.
டிரைவர் சடையப்பன் இறங்குமுன்
டேப்போடு பின்னால் ஏறியிருந்தேன்.
நீளம் பத்து, அகலம் ஆறே முக்கால், உயரம் மூன்று.
நாலு மூலையிலும் குச்சி விட்டு ஆழம் பார்த்தேன்.
"அக்காவுக்கு எங்க வேலை?"
"ரேஷன் கடையில. எடை போடுறது நான்தான்."
"அதானே பார்த்தேன்" என்று
பின்கதவுக் கொக்கியைத் தட்டிவிட்டார்.

அன்று ராத்திரி மழை.
ஓட்டின்மேல் விடியும்வரை யாரோ அரிசி புடைத்தார்கள்.
காலையில் குவியல்
ஜன்னல் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது.
வழிந்த தடம் இல்லை. வாசலில் ஒரு பிடி சிதறவில்லை.

போன் போட்டேன்.
"குறைச்சுப் போட்டிருக்கீங்க."
"நீங்கதானே அளந்தீங்க அக்கா."
"அளந்தேன். இப்ப இல்லையே."
"ஈர மணல் உப்பி நிக்கும்.
நல்லா நனைஞ்சா உக்காந்துரும். நான் என்ன பண்ணட்டும்?"

இந்தக் குரல் எனக்குத் தெரியும்.
ஜூலையில், சர்க்கரை மூட்டை வியர்க்கும் மாதத்தில்,
கவுண்டருக்கு உள்ளேயிருந்து நான் பேசுவது.
வீட்டில் நிறுத்தால் குறையுது என்பார் போஜன்.
"கசிஞ்சிருக்கும். குடோன்லயே ஈரம். நான் என்ன பண்ணட்டும்?"
அவர் தராசைப் பார்க்க மாட்டார்.
என் முகத்தைப் பார்ப்பார்.
கார்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

புஷ்பராஜ் ஒரு பக்கெட் எடுத்தார்.
தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் கிடந்த
நேற்றைய ஈர மணலை விளிம்புவரை தளரப் போட்டு
மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார், பிறகு இன்னொன்று.
முட்டை முட்டையாய்க் காற்று வந்தது.
மணல் நாலு விரல் இறங்கியது.
யாரும் அள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கிரஷரில் கழுவிய ஈரமும்
கொண்டை ஊசிகளில் ஏறிக்கொண்ட பனியும்
மணிக்கும் மணிக்கும் நடுவே
கையை விரித்து இடம்பிடித்து வந்திருக்கின்றன.
பதினாலாயிரத்தில் ஏறக்குறைய மூவாயிரம்
அந்த இடைவெளிக்கு.
கரண்ட் பில்லில் அதற்கு ஒரு வரி இல்லை.

கல் பதித்தாயிற்று.
ரோட்டோர மூலையில் மட்டும் மணல் எட்டவில்லை,
பத்துப் பன்னிரண்டு கன அடி.
பதியாத கற்கள் சுவரில் சாய்ந்திருக்கின்றன.
இருக்கிற மணலில் பூனை
தன் பங்கைச் சரியாக எடுத்துக்கொள்கிறது.

புதன்கிழமை போஜன் பையை நீட்டினார்.
சர்க்கரை ஒட்டியது. சாக்கின் அடி நனைந்திருந்தது.
போட்டேன். எண் ஓடி நின்றது.
தராசை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
"என்னம்மா?" என்றார்.
"ஒண்ணுமில்ல. பாருங்க."

சடையப்பனுக்கு
இன்னும் போன் பண்ணவில்லை.