இரு தரப்பும் கேட்காத நிலம்

திருக்கடலூர் ஐஸ் பக்டரியில்
கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
பற்றரி சாகுமுன்
கட்டுப்பாட்டுக் கணினி தன் நினைவு முழுவதையும்
வட்டில் எழுதிவிட்டுப் படுத்தது.
படுப்பது அதற்கு எப்போதும் நன்றாக வரும்.

எழும்புவதுதான்.

மூன்று இரவாக இதே கதை:
விசிறி சுழலும், திரையில் நூறு என்று காட்டும்,
அதன்பின் இருட்டு.
அது சொல்லாமல் கொம்பிரசர் ஓடாது.
தகர அச்சுகளுக்குள் நூற்றிருபது கட்டியும்
வியர்த்துக்கொண்டிருக்க
மனேஜர் பெனடிற் என்னைப் பார்ப்பார்,
ஒன்றும் கேட்கமாட்டார்.

படுத்தவர் வட்டில் கிடக்கிறார்.
எழுப்ப வந்தவன் நினைவகத்தில் நடமாடுகிறான்,
சின்னவன், அவசரத்தில் பிறந்தவன்,
படுத்தவரின் முகவரியிலேயே குடியிருப்பவன்.
அவருடைய ஒவ்வொரு பக்கமும்
பழைய இடத்துக்கே போகவேணும்,
அந்த இடத்தில் இவனுடைய கால் இருந்தாலும்.

எந்தப் பக்கம் எங்கே என்று சொல்வது ஓர் அட்டவணை.
அட்டவணையும் ஒரு பக்கம்தான்.
அதன் மேலும் எழுத்து விழும்.
எழுதுகிற கை அடுத்த இடம் தேடி
அட்டவணையைப் பார்க்கும்போது
அங்கே வேறெதுவோ இருக்கும்,
நேற்றைய உப்புநீரின் வெப்பநிலை
என்று வையுங்கள்.

போன ஆவணி, உவர்மலையில்
நாங்களும் ஹப்புகொட குடும்பமும்
ஒரே நாளில் குவாட்டர்ஸ் மாறினோம்.
அவர்களின் வீடு எங்களுக்கு, எங்களது அவர்களுக்கு.
எங்கள் அலுமாரி உள்ளே போக
அவர்களின் கட்டில் வெளியே வரவேணும்.
அந்தக் கட்டிலுக்கு இடம் எங்கள் அலுமாரி நின்ற மூலை.
பட்மின்டன் கோட்டில் இரண்டு வீடும்
மத்தியானம் வரை கலந்து கிடந்தன.
எது எந்த அறைக்கு என்று
என் மனுசன் மரியநேசன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்,
பிரிட்ஜ் வந்த மட்டையில்.
பிறகு அந்த மட்டையை மடித்து
கண்ணாடிச் சாமானுக்கு நடுவில் செருகி
முதல் சுமையிலேயே அனுப்பிவிட்டார்.
மான் ஒன்று வந்து நின்று
எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனது.
ஹப்புகொட வீட்டுத் துருவலை
இன்னும் எங்கள் குசினியில்.

இரவு ஒன்றரைக்கு அந்த மட்டை ஞாபகம் வந்தது.

படுத்தவர் உரிமை கோரும் சட்டகங்கள் எவை,
எழுப்புகிறவன் உட்கார்ந்திருப்பவை எவை,
இரண்டிலும் சேராதவை எவை என்று
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
இருந்தன, கொஞ்சம்.
இரு தரப்பும் கேட்காத நிலம்
இந்த ஊரில் அவ்வளவு இலேசில் கிடைக்காது.

தற்காலிக அட்டவணையைக் கட்ட வேண்டியது அங்கேதான்.
முன்பு எழுதியவருக்கும் அது தெரிந்திருக்கிறது:
நாலு அடுக்கில் மூன்றை அங்கேதான் வைத்திருந்தார்.
நாலாவதை மறந்துபோனார்.
அவரையும் அன்று யாராவது
ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

நாலாவதையும் இடம் மாற்றினேன்.
பிரதி எடுக்கும் சிறு நிரலையும் பக்கத்திலேயே இருத்தினேன்.
பாய்கிற இடத்துக்கு
இரண்டு அட்டவணையிலும் ஒரே முகவரி;
இல்லையென்றால் கால் காற்றில்.
பழைய முகவரிகளை மனப்பாடமாக வைத்திருக்கும்
செயலியின் சின்ன ஞாபகத்தையும் துடைத்தேன்.

பெரிய சுவிட்சை நானே இழுத்தேன்.
பெனடிற் சிலுவை போட்டார், எனக்குத் தெரியாமல் என்று நினைத்து.

நூறு.
இருட்டு.
மூச்சு விடுமளவு நேரம்.

பிறகு அது எழும்பியது,
பத்து நாற்பத்தேழு என்று நம்பிக்கொண்டு,
உப்புநீர் மைனஸ் ஒன்பது என்று நம்பிக்கொண்டு.
உணரியைக் கேட்டது. மைனஸ் நாலு.
வாதாடவில்லை.
கொம்பிரசர் உறுமியது,
சுவரில் தொங்கிய சாவிக்கொத்து நடுங்கத் தொடங்கியது.

எழுப்பியவனைத் தேடினேன்.
அவன் நின்ற இடமெல்லாம் இப்போது
படுத்தெழுந்தவரின் கணக்குகள்.
தற்காலிக அட்டவணை இருந்த பக்கங்களும்
வெற்றிடங்களின் பட்டியலுக்குப் போய்விட்டன.
ஒருவரும் தன்னை எழுப்பியதாக
அதற்குத் தெரியாது.

பெனடிற் பிளேன்ரீ கொண்டுவந்தார், சீனி கூட.
வெளியே முதல் வள்ளங்கள்
ஐஸுக்கு வந்து நின்றன.

விடிந்ததும் துருவலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவேணும்.