சொந்த உபயோகத்துக்கு

அவென்யூ ரோட்டில் நஸீருல்லா கேட்டார்,
எத்தனை பிரதி?
ஒன்று.
விற்கவா?
இல்லை, பீரோவின் உள்கதவில் ஒட்ட.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையில் குனிந்தார்:
மெத்தை விளம்பரத்துக் கரடி,
பதினோரு வருடமாய்ப் பெங்களூர் முழுக்க
எச்சில் ஒழுகத் தூங்குகிற அதே கரடி
என் படத்தில் விழித்திருக்கிறது.
இரவு மணி மூன்று. மடியில் லேப்டாப்.
கண்ணுக்குக் கீழே இரண்டு ஈரத் தேயிலைப் பை.
மெத்தைக்குத் தவணை
இன்னும் பதினான்கு மாதம் என்று
சுவர்க் காலண்டரில் வட்டம்.

சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்தார்.
அவரே ஒட்டிய தாள் பின்னால் சுவரில்:
கம்பெனிப் படங்கள் அச்சிடப்பட மாட்டாது.
போன வருஷம் யாரோ நூறு பனியன் அடித்துப் போனதற்கு
நோட்டீஸ் வந்தது இவருக்கு.

மேல்வீட்டு வக்கீல் ஷைலஜாவைப்
படிக்கட்டிலேயே நிறுத்திக் கேட்டிருந்தேன்.
தோளில் கறுப்புக் கோட்டு, கையில் கொத்தமல்லிக் கட்டு.
ஐம்பத்திரண்டாம் பிரிவு என்றாள்.
சொந்த உபயோகம் என்றால் இடம் உண்டு.
விமர்சனம் என்றாலும் உண்டு.
கேலி?
அந்தச் சொல்லே அதில் இல்லை.
விமர்சனத்தின் குடைக்குள் ஒண்டிக்கொள்ளலாம்,
நீதிபதிக்கும் சிரிப்பு வந்தால்.
எதற்கும் வீட்டோடு வைத்துக்கொள்,
வாட்ஸ்அப்பில் போட்டுத் தொலைக்காதே.

இதையெல்லாம் நஸீருல்லாவிடம்
பாதி தமிழும் பாதி கன்னடமுமாய் ஒப்பித்தேன்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கரடியின் இடது பாதத்தை எண்ணிப் பாருங்கள்.
நகம் ஆறு.
கோரமங்களாவில் ஏசி செத்துப்போன ஒரு மே மாதம்,
ஆறு மணிக்குக் கெடு,
நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில்
கை தவறி விழுந்த நகம்.
யாரும் கவனிக்கவில்லை. அப்படியே
மேம்பாலத்தில் ஏறிற்று,
பஸ்ஸின் முதுகில் ஏறிற்று.
சம்பளத்துக்கு வரைந்தது முதலாளியுடையது,
அதற்கும் ஒரு பிரிவு உண்டு, பதினேழு.
வேலைக்குச் சேர்ந்த தாளில் என் பெயர் இருந்தது.
படத்தில் இல்லை.

ஆக, நான் போட்ட கரடியை
நானே கேலி செய்து
முப்பது ரூபாய் கொடுத்து
உருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு,
துப்பட்டாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.
நஸீருல்லா என் கண்முன்னே கோப்பை அழித்தார்.
கணினியின் குப்பைக்கூடையையும் காலி செய்தார்.
போங்கம்மா என்றார், நான் எதையும் பார்க்கல.

இப்போது புடவைகளுக்குப் பக்கத்தில் விழித்திருக்கிறது.
ராத்திரி பீரோவைத் திறந்தால்
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.
இதற்கும் ஆறு நகம்தான் போட்டிருக்கிறேன்.
திருத்தியிருக்கலாம்.