பதினொன்றே முக்கால்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டம் பார்ப்பேன்.
மற்ற ஆறு நாளும் செம்பனை ஆலையில்
லோரி எடை போடுகிறவன்.
லாபிஸ் ரயிலடிக்குப் பின்னால், டயர் கடை மாடியில்
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
ரப்பர் வாசத்தில்தான் என் கோள்கள் சுற்றும்.

குணசுந்தரி பிளாஸ்டிக் உறையிலிருந்து
பிறப்புப் பத்திரத்தை எடுத்து வைத்தார்.
எண்பத்தொன்று, டிசம்பர் முப்பத்தொன்று,
இரவு பதினொன்றே முக்கால்.

பேனாவை மூடினேன்.
அக்கா, இப்படி ஒரு நேரமே கிடையாது.
அன்று பதினொன்றரைக்கு
நாடு முழுக்க முள்ளைத் தள்ளிப் பன்னிரண்டாக்கினார்கள்.
நடுவில் இருந்த அரைமணி யார் கணக்கிலும் ஏறவில்லை.
நீங்கள் அதற்குள் பிறந்திருக்கிறீர்கள்.

"எழுதினது டிரெஸர் பணிக்கர்" என்றார்.

பணிக்கர் முன்யோசனைக்காரரா?
பொழுது சாயும்போதே கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தால்
உள்ளபடி அது பதினொன்றேகால். சிம்ம லக்கினம்.
மறந்து போயிருந்தால் கன்னி.

செவ்வாயும் சனியும் கன்னியில்தான், அதில் மாற்றமில்லை,
பதின்மூன்று பதினான்கு பாகை இடைவெளி.
ஒருவன் கத்தியோடு எழுகிறவன்,
மற்றவனுக்குச் செருப்பைத் தேடவே அரைநாள்.
பிரேக்கில் ஒரு கால், எண்ணெயில் ஒரு கால்:
வண்டி நகராது, கருகல் நாற்றம்தான் மிச்சம்.
மேட்டில், பாரத்தோடு புறப்படும்போது மட்டும்
அந்த இரண்டு காலும் வேண்டும்.

சிம்மம் என்றால் அவர்கள் இருப்பது இரண்டாமிடம்:
வாய், குடும்பம், வைத்த காசு.
கன்னி என்றால் தலைமேலேயே.

கல்யாணக் கேள்வி என்று நினைத்து
ஏழாமிடத்துக்கு விரல் வைத்தேன்.
"வீடு" என்று நிறுத்தினார்.
தோட்டத்தை விற்றபோது தருவதாகச் சொன்ன வீடு.
பதினாறு வருஷம். நாற்பத்திரண்டு குடும்பம்.
வருகிற வியாழக்கிழமை
கொடுக்கிற காசுக்குக் கையெழுத்துப் போடுவதா,
கோர்ட்டுக்குப் போவதா.

சிம்மத்துக்கு நாலாம் அதிபதி செவ்வாயேதான்.
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
சனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.
வரும், வரிசையில் நில் என்று பொருள்.
கன்னிக்கு வீட்டுக்காரர் குரு,
துலாத்தில், இரண்டில், சுகமாக.
வீடு வரும்.
குடிபோகிற உடம்பைத்தான் அந்த இருவரும் பிடித்திருப்பார்கள்.

எழுதினேன், கிழித்தேன், எழுதினேன்.

பிறகு அவர் சொன்னார்:
"பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திடுவாங்க.
சுவத்துக் கடிகாரத்த யாரு பாத்தா?
அப்பா அன்னிக்கு ஸ்டோர்ல ஜாகா.
அவரு டார்ச்ச வாங்கித்தான்
பணிக்கர் கைக்கடிகாரத்தப் பாத்தாராம்.
அது நின்னு எத்தன நாளோ.
அப்பாவுக்கு முழு ராத்திரிச் சம்பளம்,
அரைமணி கொறச்சலா வேல.
கம்பெனியால கெடச்ச லாபம் அது ஒண்ணுதான்,
அதுலதான் நீ பொறந்தேன்னு
சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

இரண்டு கட்டத்தையும் ஒரே தாளில் போட்டு நீட்டினேன்.
வாங்கவில்லை. கன்னியை நகத்தால் தட்டினார்.

"நம்பர்தான் மாறுது.
ரெண்டு பேரும் எடத்த விட்டு நகரலயே.
எங்க லயத்துலயும் மூணு கம்பெனி
கதவு நம்பர அழிச்சு அழிச்சு எழுதிட்டான்."

பத்து வெள்ளியை மேசையில் வைத்து
டப்பா மூடியால் அமுக்கிவிட்டு எழுந்தார்.
கையெழுத்தா கோர்ட்டா என்று நான் கேட்கவில்லை.
கீழே யாரோ துருப்பிடித்த நட்டைத்
திருகிக்கொண்டிருந்தார்கள்.

திங்கள் காலை முதல் லோரி
எடைமேடைச் சரிவில் நின்றது, முழுப் பாரம்.
பிரேக்கை விடாமல் எண்ணெய் அமுக்கி ஏற்றினான்.
திரையில் எண்கள் ஆடின.
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.