கடைசி அலசல்

டிரை டேக்கு மறுநாள் காலை, எட்டு மணி.
பாரில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கின்றன.
நானும் சுசாந்தும் காஸ்டிக் வாளியோடு.
ஒரு நாள் முழுக்க ஓடாமல் நின்ற பீர்
குழாய்க்குள் என்ன செய்துகொண்டிருந்ததோ.

போன வாரம் ஆண்ட்வெர்ப்பிலிருந்து பனியன் ஆர்டருக்கு வந்தவர்
ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைத் தள்ளி வைத்தார்.
வெண்ணெய் வாசமாம்.
மேனேஜர் சாம்பசிவம் சிரித்தார்:
"வெண்ணெய்னா நல்லதுதானுங்களே."

டேப்பைக் கழற்றுகிறேன்.
வெளியே பித்தளை, முகம் பார்க்கலாம்.
தினமும் துடைக்கிறவன் நான்தான்.
உள்ளே விரல் விட்டால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு,
வாஷரைச் சுற்றி நகக்கண் அழுக்குபோல ஒரு கோடு.

காஸ்டிக் எனக்குப் பழைய பழக்கம்.
திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பதினோரு வருஷம்.
மூடின அன்றைக்குக் கணக்கு முடித்துக் கொடுத்த பணம்
எங்கே போனதென்று தெரியாது;
புறங்கையில் ரூபாய்க்காசு அளவு தழும்பு இருக்கிறது.
சுசாந்த் அதைப் பார்த்துவிட்டு
கையுறையை முழங்கைவரை இழுத்துக்கொள்கிறான்.

இரண்டு சதம். இருபது நிமிஷம்.
பம்பு முனகுகிறது.
மறுமுனையில் நுரை, பிறகு டீத்தண்ணி நிறம்,
பிறகு செதில் செதிலாக ஏதோ.
"லைன்ல நின்ன பீரு நாலு லிட்டராச்சும் இருக்குமே,
அத்தனையும் சாக்கடைக்கா?"
ஆமாங்க.
"மாசம் ஒருக்கா பண்ணுனா பத்தாதா?"
நீங்க பல்லு வெளக்கறது மாசம் ஒருக்காளுங்களா என்று
வாய்வரை வந்தது.
சம்பளம் ஏழாம் தேதி.

போர்த்தண்ணி ஆகாது.
இந்த மண்ணுக்குள் என்னென்ன கலர் இறங்கியிருக்கிறதென்று
இறக்கினவர்களில் ஒருத்தனுக்குத் தெரியும்.
மேட்டுப்பாளையத்து ஆற்றுத்தண்ணி,
மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தனி ஹோஸ்.

சிவப்பு லிட்மஸ் தாளை நனைக்கிறேன்.
நீலம்.
ஓடட்டும்.
இன்னொரு தாள். ஓரத்தில் மட்டும் நீலம்.
ஓடட்டும்.
மூன்றாவது
சிவப்பாகவே கிடக்கிறது உள்ளங்கையில்.

தாள் சொன்னால் போதும் என்பார்கள்.
எனக்குப் போதாது.
டேப்பைத் திறந்து ஒரு மக் நிறையப் பிடித்து
நின்றபடியே குடிக்கிறேன்.
வழுக்கல் இல்லை. காரம் இல்லை.
பீர் வாசமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்,
பீர் நான் குடித்ததில்லை.
பாமா நம்பமாட்டாள். பத்தொன்பது வருஷமாக
கதவைத் திறந்ததும் மூக்கு என் காலருக்கு வரும்.
"தண்ணி போட்டீங்களா?"
ஒரு மக் போட்டேன் என்பேன்.
ஊரே தண்ணி என்று சொல்லிக்கொண்டு வருகிற இடத்தில்
தண்ணி குடிக்கிறவன் நான் ஒருத்தன்.

பதினொன்றரைக்கு முதல் ஆள், நூல் புரோக்கர்.
கிளாஸ் இறங்க இறங்க
நுரை வளையம் வளையமாய் ஒட்டி நிற்கிறது.
நாற்பதாம் நம்பர் நூலுக்கு போனில் கத்திக்கொண்டே
குடித்து முடித்தார்.
ருசி பற்றி ஒரு வார்த்தை இல்லை.
காலி கிளாஸை மட்டும்
என் பக்கமாக நகர்த்தினார்.