அக்கரை, அக்கறை

ஏப்ரல் வந்தால் எனக்குக் கை முளைக்கும்.
நூற்றுப்பதினெட்டுக் கம்பெனிகளின் பொதுக்குழு.
ஆம், இல்லை, விலகல்.
பாசல் நகரத்துத் தாதிகளுக்கும் டிராம் ஓட்டுநர்களுக்கும்
முதுமைக்கென்று மாதாமாதம் பிடித்தம் போன பணம்
எங்கெங்கோ பங்காய்க் கிடக்கிறது.
அதன் வாக்கு என் சுட்டுவிரலில்.

பெருவில் ஒரு செப்புச் சுரங்கம்.
அணை உடைந்தது பற்றி
அடிக்குறிப்பில் இரண்டு வரி.
ஆலோசனை நிறுவனம் ஆம் என்றது.
காபி ஆறுவதற்குள் பதினாறு தீர்மானம்,
பதினாறு ஆம்.
ஒசாகாவில் கை தூக்கும் நேரம்
நான் தூக்கத்தில் புரண்டு படுக்கிறேன்.
சட்டமும் அப்படித்தான்:
சுவிஸ் கம்பெனிக்கு வாக்களித்தே ஆகவேண்டும்,
எல்லை தாண்டினால் உன் இஷ்டம்.

இது ஒன்று மட்டும்
எட்டாம் நம்பர் டிராமிலிருந்து
புகைபோக்கி தெரிகிற கம்பெனி.
தீர்மானம் நாலு புள்ளி இரண்டு, தலைவரின் சம்பளம்.
எங்கள் விதிப்படி வரம்பு மீறியது. நேராக இல்லை.
மூன்று நாளாய் மேசையில் கிடக்கிறது.
"சூழலையும் பார்க்கணும், நிரோஜினி"
என்கிறார் ப்ரோட்பெக்.
அவரும் அந்தத் தலைவரும் ஒரே முகமூடிக் குழு.
மாசிக் குளிரில், விடிகாலை நாலு மணிக்கு,
பக்கத்தில் பக்கத்தில் நின்று குழல் ஊதுகிறவர்கள்.
சூழல் என்றால் நாலு தெரு என்று
எந்த அகராதியிலும் போடவில்லை.

என்னையும் சொல்லத்தான் வேண்டும்.
வாடைக்காற்று அடித்தால்
அந்த வாடை என் சமையலறைக்கும் வரும்.
மகன் மூக்கைப் பொத்துவான்.
அதனால்தானே
தொண்ணூறு பக்கத்தையும் வரி விடாமல் படித்தேன்?
பெருவில் யார் யார் மூக்கைப் பொத்தினார்கள்?

ரைன் பாலத்தில் நின்றால் அக்கரை தெரிகிறது.
சின்ன ரகரம் ஒன்று வல்லினமாக
எத்தனை கிலோமீட்டர் கிட்ட வரவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் வாக்கெடுப்பு.
எதிர்வீட்டு லூட்டிக்குத் தபாலில் உறை வந்தது.
பதினேழு வருடம், இதே தெரு,
எனக்கு வராது.
திங்கட்கிழமை முந்நூறாயிரம் வாக்கு போட்டேன்.
நாலு புள்ளி இரண்டு: இல்லை.
ப்ரோட்பெக் ஒன்றும் சொல்லவில்லை,
கதவைக் கொஞ்சம் சத்தமாய்ச் சாத்தினார்.

பிறகு பெருவின் கோப்பைத் திறந்தேன்.
காலக்கெடு முடிந்தது என்றது திரை.
அங்கே
இன்னும் விடியவேயில்லை.