வலது கண்

காட்டெருமையின் வலது கண்
எங்கள் குளியலறை ஜன்னல்.

குன்னூரில் மவுண்ட் ரோடு வளைகிற இடத்தில்
பஸ்ஸிலிருந்து தலையை நீட்டினால் தெரியும்:
மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மாடு,
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை,
கொம்பு நுனியில் ஒரு கொண்டைக்குருவி.
குளம்புக்குக் கீழே, புல்லோடு புல்லாக,
பெயிண்ட் கம்பெனியின் பெயரும் போன் நம்பரும்
'ஒரு சொட்டும் உள்ளே வராது' என்ற வாக்கும்.

சுவர் போஜனுடையது.
அதற்கு அவருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று வருகிறது.
எவ்வளவு என்று சொல்ல மாட்டார்,
புது ஸ்கூட்டர் சொல்லும்.
இரண்டாம் மாடி வாடகைக்காரர்கள் எங்களுக்கு
ஒரு தாள் மட்டும் வந்தது.
அந்தப் பக்கம் துணி காயப்போடக் கூடாது.
டிஷ் மாட்டக் கூடாது.
ஜன்னலை மாற்றவோ அடைக்கவோ கூடாது,
அது 'கலைப்படைப்பின் ஒரு பகுதி'.
ஏழு வருஷமாக அந்தப் பகுதியில்
நான் ஷாம்பு பாட்டிலும்
அவருடைய சவரப் பிரஷ்ஷும் வைத்திருக்கிறேன்.

வரைந்தவன் கோயம்புத்தூர்ப் பையன், இளம்பரிதி.
பதினோரு நாள் கயிற்றில் தொங்கினான்.
மூடுபனி இறங்கினால் கையைக் கட்டிக்கொண்டு
அப்படியே தொங்குவான்.
இமை தீட்டிய அன்று ஜன்னலைத் தட்டி
வெந்நீர் கேட்டான்.
கண்ணுக்குள்ளிருந்து டம்ளரை நீட்டினேன்.
'மாடு என்னுதுக்கா, எழுத்து அவங்களுது' என்றான்,
நான் கேட்காமலே.
ரெண்டுக்கும் ஒரே டப்பாதானே தம்பி என்றேன்.
பதில் சொல்லவில்லை. குடித்துவிட்டுத் தந்தான்.
டம்ளர் விளிம்பில் அவனுடைய கறுப்புக் கட்டைவிரல்
தேய்த்தும் போகவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது.
மாட்டின் வயிற்றுக்கு நேர் பின்னால் எங்கள் பீரோ.
முதலில் சுவர் வியர்த்தது,
பிறகு உப்பியது,
பிறகு ஜெனிட்டாவின் சாதிச் சான்றிதழ்
கவரோடு சேர்ந்து பச்சையாய்ப் பூத்தது.
போஜனிடம் போனேன்.
'அந்தப் பக்கம் அஞ்சு கோட் அடிச்சிருக்காங்களேம்மா.'
அடித்தது அந்தப் பக்கம், அது சரிதான்.

கம்பெனிக்குப் போன் போட நினைத்தேன்.
நம்பர் எங்கள் சுவரிலேயே இருக்கிறது,
படிக்கத்தான்
படியிறங்கி, ரோட்டைத் தாண்டி,
டீக்கடை வாசலில் குடையோடு நிற்க வேண்டியிருந்தது.
ஒரு பெண் தேன் மாதிரிப் பேசினாள்:
'மேடம், தண்ணி நிக்கிற பெயிண்ட் வேற,
படத்துக்கு அடிச்சது வேற.'

நிஜ மாடும் வரும், ராத்திரி பதினொன்றுக்கு மேல்,
தேயிலைச் சரிவிலிருந்து தனியாக.
குப்பைத்தொட்டியில் முட்டைக்கோஸ் இலை தின்னும்.
தலைக்கு மேல் தன்னைப் போல் ஒன்று நிற்பதை
ஒரு தடவையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.
டூரிஸ்ட்டுகள் அதைக் கண்டால் ஓடுகிறார்கள்,
ஓடிவந்து எங்கள் சுவரோரம் ஒண்டுகிறார்கள்.

ஆறு மணிக்கு அவர் குளிப்பார்.
ஆறே முக்காலுக்கு அருவங்காடு பஸ்.
மார்கழிக் குளிரில் வெந்நீர் ஆவி
ஜன்னல் பலகைகள் வழியே வெளியேறும்,
உள்ளே மஞ்சள் பல்பு.
யாரோ டீக்கடையிலிருந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள்:
மாட்டுக்கு உயிர் வந்து
கண் புகைகிறது.
இப்போது கம்பெனியின் காலண்டரில்
ஜனவரி மாதம் முழுக்க என் வீட்டுக்காரரின் குளியல்.

போன வாரம் இன்னொரு தாள்:
தினமும் ஆறிலிருந்து ஏழு வரை
விளக்கு எரிந்தால் மகிழ்வோம்.
கரண்ட் பில் பற்றி ஒரு வரி இல்லை.
தேவசகாயம் இரண்டு தடவை படித்தார்,
மடித்து, ஆடுகிற பீரோவின் காலுக்குக் கீழே செருகினார்.

இன்று இருட்டிலேயே குளித்தார்.
சோப்பு நழுவிய சத்தமும்
அவர் திட்டிய சத்தமும் கேட்டன.
வெளியே மாடு
ஒரு கண்ணை மூடியபடி நின்றிருக்கும்.
எனக்குத் தெரியாது.
எங்கள் வீட்டிலிருந்து அதைப் பார்க்க முடியாது.